பழைய இரும்பா, புதிய தகரமா?

“அந்தக் காலத்துச் சாகா இரும்பு ஐயா! இப்போது வருவதெல்லாம் மைலோ டின்!” பள்ளி வாசல், ஆசிரியர் அறை, திருமண வீடு எனப் போகும் இடமெல்லாம் இதே பேச்சு. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

முதல் புரோட்டோன் சாகா 9.7.1985இல் வெளிவந்தது. நாட்டின் முதல் தேசிய மகிழுந்து என்னும் பெருமை அதற்கு என்றும் உண்டு. ஆனால், பெருமை வேறு, பாதுகாப்பு வேறு. அந்த வண்டியில் காற்றுப்பை கிடையாது. இன்றைய சாகாவில் உண்டு.

“மோதினால் புதிய வண்டி நசுங்கிவிடுகிறதே!” என்பார்கள். நசுங்கத்தான் வேண்டும்! முன்பகுதி மடங்கி நசுங்கும்போது மோதலின் ஆற்றலில் பெரும்பங்கை அதுவே வாங்கிக்கொள்கிறது; பயணிகள் அமரும் கூடு குலையாமல் நிற்கிறது. வண்டி நசுங்க மறுத்தால் அந்த அடி யாரைச் சேரும்? உள்ளே இருக்கும் நம் பிள்ளையைத்தானே!

சான்று வேண்டுமா? 1959ஆம் ஆண்டுச் செவ்ரோலெட் பெல் ஏர் வண்டியையும் 2009ஆம் ஆண்டுச் செவ்ரோலெட் மாலிபு வண்டியையும் அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்புக் காப்புறுதிக் கழகம் 2009இல் எதிரெதிரே மோதவிட்டது. இரண்டும் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் வந்தன. பழைய ‘இரும்பின்’ ஓட்டுநர் பகுதி நொறுங்கியது. அங்கிருந்த பொம்மை மனிதராக இருந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார். புதிய ‘தகரத்தில்’ இருந்தவரோ காலில் சிறு காயத்தோடு தப்பியிருப்பார்.

புதிய வண்டி வாங்கியவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பிள்ளையை இரு முன்னிருக்கைகளுக்கு நடுவே நிற்கவைத்து அழைத்து வருகிறீர்களே, பிறகு எதற்கு அந்தப் புதிய வண்டி? மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மாடிக் கட்டடத்தின் விளிம்பில் பிள்ளையை நிற்கவைப்பீர்களா? முன்னிருக்கையில் மடிமீது வைத்திருப்பதோ அதனினும் கேடு. விரிந்து பாயும் காற்றுப்பையே அந்தப் பிஞ்சின் உயிரைப் பறிக்கக்கூடும்!

பின்னிருக்கையில் வார் அணிவது 1.1.2009 முதலும், குழந்தை இருக்கை 1.1.2020 முதலும் நம் நாட்டில் கட்டாயம். காவலரைக் கண்டால் மட்டும் மாட்டுவதற்கா இந்தச் சட்டம்?

புதிய வண்டி வாங்க எல்லாருக்கும் வசதி இராது. அவர்களை நான் குறைகூறவில்லை. பழைய வண்டியே ஆனாலும், இருக்கும் வாரைப் பிள்ளைக்கு மாட்டுங்கள், மெதுவாக ஓட்டுங்கள். ‘இரும்பு வண்டி காப்பாற்றும்’ என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

ஆசிரிய நண்பர்களே, பெற்றோர் சந்திப்பு நாளில் தேர்ச்சி அறிக்கையோடு இதையும் எடுத்துச் சொல்வோம். நசுங்கிய வண்டியைப் பட்டறையில் நிமிர்த்திவிடலாம். பிள்ளையை நிமிர்த்தப் பட்டறை ஏது?