அரைஞாண் கயிறும் ஆட்டம் போடும் கண்ணனும்

போன மாதம் பேரனுக்கு முப்பதாம் நாள். கருப்புக் கயிற்றைக் கையில் எடுத்ததுமே மருமகள் கேட்டாள், "ஏன் அத்தை, பச்சை உடம்பு. உறுத்தாதா? கட்டித்தான் ஆகணுமா?"

கேள்வி நியாயமானதுதான். ஆனால் எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. காரணம், நான் வாழ்க்கைப்பட்ட ஊர் தாமல்.

காஞ்சிபுரத்திலிருந்து வேலூர் போகிற சாலையில் இருக்கிறது எங்கள் ஊர். பெரிய ஏரி, வராகீஸ்வரர் கோயில், தாமோதரப் பெருமாள் கோயில். தாமம் என்றால் கயிறு, உதரம் என்றால் வயிறு. கயிற்றால் கட்டப்பட்ட வயிற்றை உடையவன் தாமோதரன். அந்தப் பெயர்தான் தேய்ந்து 'தாமல்' ஆயிற்று என்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். பெருமாளின் வயிற்றில் கயிற்றுத் தழும்பு இருக்கிறது என்றும் சொல்வார்கள். ஊருக்கு வந்த புதிதில் என் மாமியார் அதைச் சொல்லித்தான் என்னைக் கும்பிடச் சொன்னார்.

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் பாகவதத்தில் அது எப்படி ஆரம்பிக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? யசோதை தயிர் கடைகிறாள். பிள்ளை பால் கேட்டு வருகிறான். மடியில் போட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுப்பில் பால் பொங்குகிறது! பிள்ளையை இறக்கிவிட்டு ஓடுகிறாள். அவனுக்குக் கோபம், தயிர்ப்பானையை உடைக்கிறான். இது எந்த வீட்டில் நடக்காத கதை, சொல்லுங்கள்! கட்டிப்போடப் பார்த்தால் எத்தனை கயிற்றை முடிந்தாலும் இரண்டு விரற்கடை குறைகிறது. தாயார் வேர்த்து விறுவிறுத்து நிற்பதைப் பார்த்து அவனே இரங்கிக் கட்டுப்படுகிறான். அவள் அவனை உரலில் கட்டிவிட்டு வீட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறாள். அவன் உரலோடு நகர்ந்துபோய் இரண்டு மருத மரங்களைச் சாய்க்கிறான். கட்டினால்கூடப் பிள்ளை ஓர் இடத்தில் இருப்பதில்லை!

பெரியாழ்வார் தம்மையே யசோதையாக நினைத்துக்கொண்டு பிள்ளையை நீராட அழைத்தும், காது குத்தக் கூப்பிட்டும், நிலாவைக் காட்டியும் பாடினார். மதுரகவியாழ்வார் நம்மாழ்வாரைப் பற்றிப் பாடிய பதினொரு பாசுரங்களுக்கும் அந்தக் கயிற்றின் பெயர்தான், 'கண்ணிநுண்சிறுத்தாம்பு'. வீட்டில் குறும்பு செய்கிற பிள்ளையை நாம் கண்ணா என்று கூப்பிடுவதும் இந்த வழியில் வந்ததுதான். அரைஞாணைக் கோயில் பக்கமே போகாத வீடுகளிலும் கட்டுகிறார்கள். மதம் எதுவானாலும் தமிழ்ப் பிள்ளைக்கு அது உண்டு. எங்கள் பக்கத்தில் 'அர்ணாக்கயிறு' என்போம்.

இனி என் கதை. மூத்தவனுக்கு ஒன்றரை வயது. உலை கொதிக்கிறதே என்று உள்ளே போனேன். இரண்டு நிமிஷம்தான் இருக்கும். பின்கட்டில் பாதி நிறைந்த தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தவன் தலைகுப்புற விழுந்துவிட்டான். சத்தமே இல்லை. துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அக்கா கால்கள் ஆடுவதைப் பார்த்து வேலியைத் தாண்டி ஓடிவந்து, அவனுடைய அர்ணாக்கயிற்றைப் பிடித்துத் தூக்கினார். பிள்ளை இருமினான், அழுதான். எனக்கு அழக்கூட வரவில்லை.

மாமியார் அன்றே கோயிலுக்குப் போய்வந்தார். "தாமோதரன்தான் கயிறா இருந்து காப்பாத்தினான்" என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. ஆனாலும் என் மனசில், அக்கா அந்நேரம் துணி உலர்த்த வராமல் இருந்திருந்தால் என்பதுதான் ஓடியது. அடுத்த நாளே தொட்டிக்குப் பலகை போட்டோம்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ல் உலகம் முழுவதும் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அவர்களில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். ஏரியும் கிணறும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள், தவழ்கிற குழந்தைக்குக் குளியலறை வாளியே போதும். குளித்து முடித்ததும் வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.

மருமகளுக்குச் சொன்ன பதிலையும் சொல்லிவிடுகிறேன். கட்டுவது உன் இஷ்டம்மா. கட்டினால் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். ஈரம் தங்கினால் மடிப்பில் புண் வரும், குளிப்பாட்டியபின் துடைத்துவிடு. வயிறு பருக்கப் பருக்கக் கயிற்றை மாற்று. கழுத்தில் மட்டும் கயிறோ தாயத்தோ வேண்டவே வேண்டாம், தூக்கத்தில் இறுக்கிவிடும்.

அவளே கட்டினாள். விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு பின்கட்டுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "அத்தை, தொட்டிப் பலகை ஓரத்தில் உளுத்திருக்கு. நாளைக்கே ஆசாரியை வரச் சொல்லுங்க" என்றாள்.