வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை போதுமா?

வயிறு எரிந்தால் விடுதிச் சாப்பாட்டின் காரத்தைப் பழிக்கிறோம். மருந்துக் கடையில் ஒரு மாத்திரை வாங்கி விழுங்குகிறோம். எரிச்சல் அடங்கியதும் நோயே அகன்றதென்று எண்ணிவிடுகிறோம். நம் மாணவரிடையே வேரூன்றிவிட்ட இவ்வழக்கம் கைவிடத்தக்கது என்பேன்.

மருத்துவ உலகமும் ஒரு காலத்தில் காரத்தையும் கவலையையுமே பழித்தது. இரைப்பையின் அமிலத்தில் கிருமி வாழாது என்றே நம்பியது. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்னும் மருத்துவர் இருவர், அங்கு வாழும் கிருமியை 1982-இல் வளர்த்துக் காட்டினர். பலர் நம்பவில்லை. 1984-இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே குடித்து, இரைப்பை அழற்சிக்கு ஆளானார்! 2005-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். ஹெலிகோபேக்டர் பைலோரி என்பது அக்கிருமியின் பெயர்.

புண்ணோடு நிற்பதன்று இதன் தீமை. புற்றுநோய்க்குக் காரணமாவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994-இல் இதனை அறிவித்தது. ஜப்பானில் வயிற்றுக் கோளாறுடைய 1,526 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு 2001-இல் வெளிவந்தது. கிருமியுடைய 1,246 பேரில் 36 பேருக்கு இரைப்பைப் புற்று கண்டது. கிருமியற்ற 280 பேரில் ஒருவருக்கும் இல்லை.

அப்படியானால் அஞ்சி நடுங்க வேண்டுமா? வேண்டா. நம் நாட்டில் பலர் வயிற்றில் இக்கிருமி உண்டு. அவர்களுள் மிகச் சிலருக்கே புற்று வருகிறது. புகைபிடித்தலும் உப்பு மிகுந்த உணவும் துணை சேரும்போது தீங்கு பெருகுகிறது. ஆயினும் அச்சம் வேண்டா என்பது அசட்டைக்கு அனுமதி ஆகுமா?

அமிலம் குறைக்கும் மாத்திரை எரிச்சலைத் தணிக்கும், கிருமியை ஒழிக்காது. சோதனையில் கிருமி தென்படாதபடி மறைக்கவும் கூடும். அதனாலேயே மூச்சுச் சோதனைக்கு முன் 2 வாரம் அவ்வகை மாத்திரைகளை நிறுத்தச் சொல்கின்றனர்.

ஆகவே நண்பர்களே, எரிச்சல் திரும்பத் திரும்ப வந்தாலோ, பெற்றோர் உடன்பிறந்தாருள் எவர்க்கேனும் இரைப்பைப் புற்று இருந்தாலோ, மருத்துவரிடம் இச்சோதனை பற்றிக் கேளுங்கள். கறுத்த மலம், இரத்த வாந்தி, காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை கண்டால் ஒரு நாளும் தாமதியாதீர். கிருமி இருப்பது உறுதியானால், பெரும்பாலும் 14 நாள் மருந்து தருவர். ஐந்தாம் நாள் நலம் கண்டதும் நிறுத்திவிடாதீர்; அரைகுறை மருந்து கிருமிக்கு எதிர்ப்பாற்றலைக் கற்பிக்கும். மருந்து முடிந்தபின் கிருமி ஒழிந்ததா என்று மீண்டும் சோதித்தறிவதே முழுச் சிகிச்சை.