வாவியும் வட்டியும்

மாரி மழை மிகுந்து மட்டக்களப்பு வாவி நிரம்புங்கால், முகத்துவாரத்து மணற்றிட்டை வெட்டுவதா, சற்றுப் பொறுப்பதா என்னும் வினா எழுவதை நாம் அறிவோம். வெட்டப் பிந்தினால் வயல்கள் மூழ்கும். முந்தினால் வாவி நீர் வீணே கடலைச் சேரும். நாட்டின் பணத்தை ஆளும் மத்திய வங்கியின் தொழிலும் ஏறக்குறைய இத்தகையதே.

1950 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28 ஆம் நாள் தொழில் தொடங்கிய அவ்வங்கி, நம் போன்ற குடும்பத்தாருக்குக் கடன் கொடுப்பதில்லை. வர்த்தக வங்கிகள் ஓரிரவுக்குத் தமக்குள் கைமாற்றும் பணத்தின் வட்டியையே அது நெறிப்படுத்துகின்றது. இதற்கென 2024 நவம்பரில் ‘ஓரிரவுக் கொள்கை வீதம்’ என்னும் ஒற்றை வீதத்தை வகுத்தது. திறைசேரி உண்டியல்களை வாங்கினால் புழக்கத்திற் பணம் பெருகும், விற்றால் சுருங்கும். வங்கிகள் தம் வைப்புகளில் ஒரு பங்கைத் தன்னிடம் ஒதுக்கி வைக்கச் செய்வதும் அதன் கருவிகளுள் ஒன்றாம்.

2022 இல் நேர்ந்ததை எவர் மறப்பார்? அரசின் பற்றாக்குறையை நிரப்பப் புதுப்பணம் ஆக்கப்பட்டது, அந்நியச் செலாவணி வறண்டது, ரூபா வீழ்ந்தது. ஏப்ரல் 8 ஆம் நாள் மத்திய வங்கி தன் வட்டிவீதங்களை ஒரே மூச்சில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்திற்று. எனினும் செப்டெம்பரிற் கொழும்புப் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. ஓராண்டின் பின், 2023 செப்டெம்பரில், அது 1.3 சதவீதமாய் இறங்கியது. அவ்வாண்டின் 16 ஆம் இலக்கச் சட்டம், அரசுக்குப் புதுப்பணம் ஆக்கிக் கொடுக்கும் வழக்கத்திற்குத் தடை விதித்தது.

மருந்து பலித்தது, ஆயினும் அதன் கசப்பு யாவர்க்கும் ஒருபடித்தாய் இருக்கவில்லை. பணச்சந்தை வளர்ந்த நாடுகளில் வீத மாற்றம் வீட்டுக்கடன் வரை விரைந்து பாயும். இங்கோ, படுவான்கரை விவசாயி உரத்துக்கு வியாபாரியிடம் கடன்பட்டு அறுவடையில் நெல்லாய்த் தீர்க்கின்றார். மீனவர் வலைக்கு முதலாளியை நாடுகின்றார். தாய்மார் நகையை ஈடு வைக்கின்றனர். சீட்டும் நுண்கடனும் தேடுகின்றனர். கொழும்பிலே வீதம் குறைந்தது என்ற செய்தி இவர்தம் கடன்களை எளிதில் எட்டுவதில்லை. அரிசியின் விலையேற்றமோ மறுநாளே அடுப்படியை எட்டிவிடுகின்றது!

ஆகவே, வட்டியைக் குறைத்தாற் போதும் என்று கூவுதல் அறிவுடைமை அன்று. விலை நிலைத்து நிற்றலே ஏழையின் முதற் காவல். அத்துடன், பெரும்போகம் தொடங்கும் வேளையில் நியாயமான கடன் கிடைக்க, கூட்டுறவுச் சங்கங்களும் கிராமத்து வங்கிக் கிளைகளும் வலுப்பெறல் வேண்டும். வாய்க்கால் இல்லாத வயலுக்குக் குளம் நிறைந்தென்ன பயன்?

நாமும் ஒன்று செய்யலாம். கொள்கை வீதம் இறங்கியதாகப் பத்திரிகையிற் படித்தால், ஈட்டுக்கும் கடனுக்கும் தாம் வாங்கும் வட்டியை எவ்வளவு குறைத்தீர்கள் என்று இரண்டு மூன்று வங்கிகளிலேனும் கேட்டு ஒப்பிடுவோம். கேட்கும் வாடிக்கையாளர் பெருகினாலன்றோ கொழும்பின் தீர்மானம் வாவிக்கரைக்கு வந்து சேரும்!