கரண்டி பிடிக்கக் கடல் கடப்போர்

வலிகாமத்துத் தோட்டக்காரர் ஒருவர் சென்ற வாரம் எம்மைக் காண வந்தார். ஒரு கையில் காணி உறுதி. மறு கையில் அவுஸ்திரேலியக் கல்லூரி ஒன்றின் வண்ணப் பிரசுரம். உயர்தரப் பரீட்சை எழுதிய தம் மகன் மெல்பேண் நகரிற் சமையற்கலை பயில விரும்புவதாகவும், அதற்காக நான்கு பரப்புச் செம்மண் காணியை ஈடு வைக்க எண்ணியிருப்பதாகவும் கூறி, “ஐயா, இது செய்யத் தக்கதா?” என்று வினவினார். “தங்கள் மகனுக்குச் சமையலில் நாட்டம் உண்டோ?” என்று கேட்டோம். சற்று நேரம் மௌனமாக இருந்தவர், “வீட்டில் அவன் தேத்தண்ணீர்கூட வைத்ததில்லை, ஐயா. ஆனால் இந்தப் படிப்புக்கு விசா எடுப்பது இலகு என்று ஏஜென்சிக்காரர் சொல்லுகிறார்” என்றார்.

இந்த ஒரு விடையில் இன்றைய நம் நிலை முழுவதும் அடங்கிவிட்டது. 2022ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவுக்குப் பின், நாட்டை விட்டுச் செல்வதொன்றே வழியென எண்ணும் இளைஞர் தொகை பெருகியிருப்பதை எவரும் அறிவர். அவர்களைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. ஆனால், கல்வி வேண்டிச் செல்வது வேறு. கல்வியின் பெயரால் விசா வாங்குவது வேறு. இரண்டையும் ஒன்றெனக் கருதுவோர் ஈற்றில் இரண்டையும் இழப்பர் என்பதே நாம் சொல்ல வந்தது.

சமையற் தொழில் இழிவானதென்று கூறுவோருடன் எமக்கு உடன்பாடில்லை. அத்தகையோர் நம்மிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றனர். மகன் எழுதுவினைஞனாக ஒரு கந்தோரில் அமர்ந்தாற் பெருமை. அவனே ஊரில் ஒரு கடையில் அடுப்படியில் நின்றால், “குசினிக்காரன்” என்று பெண் கொடுக்கவும் பின்னிற்போம். ஆனால், அதே மகன் வெள்ளைத் தொப்பி அணிந்து மெல்பேணிலோ இலண்டனிலோ நின்றால், “செஃப்” என்று சொல்லி மகிழ்வோம். அடுப்பும் ஒன்றே, அனலும் ஒன்றே. இடையிற் கடல் ஒன்று வந்ததும் இழிவு பெருமையாக மாறிவிடுமோ? இந்தப் போலி மானமே நம் இளைஞரை ஊரிற் கற்கக்கூடிய தொழிலை ஊரிற் கற்கவிடாது தடுத்து, கடன்பட்டுக் கடல் கடக்கச் செய்கிறது.

தொழிலை மதித்துக் கற்றவர் உயர்ந்தமைக்குச் சான்றுகள் பல. பிரெஞ்சுச் சமையலின் பேராசானாகப் போற்றப்படும் ஒகுஸ்ற் எஸ்கோபியே 1846இற் பிறந்தவர். பதின்மூன்றாம் வயதிலேயே நீஸ் நகரில் உறவினரின் உணவகத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்து, அடித்தட்டிலிருந்து தொழில் பயின்றார். பெரிய ஹோட்டற் குசினிகளை ஒரு படைபோல வகுத்து, இன்னவர்க்கு இன்ன பணி என ஒழுங்கு செய்தவர் அவரே. 1903இல் அவர் வெளியிட்ட சமையல் நூலை இன்றும் உலகமெங்கும் மாணவர் பயில்கின்றனர்.

அவ்வளவு தூரம் போவானேன்? 2023ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரம் நடத்திய பாண் போட்டியில், மிகச் சிறந்த “பகெற்” பாணைச் சுட்டவர் என முதற் பரிசு பெற்றவர் தர்ஷன் செல்வராஜா. இலங்கையிற் பிறந்து 2006இல் பிரான்சுக்குச் சென்றவர். பாணே உயிர் எனக் கருதும் நகரத்தில், அந்நகரத்தார் பாணை அவர்களிலும் நன்றாகச் சுட்டுக் காட்டினார் நம்மவர் ஒருவர்! அந்த வெற்றியை அவருக்குத் தந்தது விசா அன்று. போறணை முன் நின்று உழைத்த உழைப்பு.

இனி, மறுபக்கத்தையும் காண்போம். அவுஸ்திரேலிய அரசு 2001ஆம் ஆண்டிலிருந்து, அங்கு படித்து முடித்த வெளிநாட்டு மாணவர் அங்கிருந்தவாறே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வழி திறந்தது. நாட்டுக்குத் தேவையான தொழில்களின் பட்டியலிற் சமையலும் இடம் பெற்றது. பின் நடந்தது என்ன? மெல்பேணிலும் சிட்னியிலும் சமையற் கல்லூரிகள் காளான்போல் முளைத்தன. கரண்டி பிடித்தறியாத பல்லாயிரம் இளைஞர், பெரும்பாலும் இந்தியாவிலிருந்து, அவற்றிற் சேர்ந்தனர். கற்பித்தோர் கற்பிக்கவில்லை, கற்க வந்தோரும் கற்க வரவில்லை. 2009இல் அக்கல்லூரிகள் சில திடீரெனக் கதவடைத்தன. 2010 பெப்ரவரியில் அரசு அப்பட்டியலையே நீக்கிற்று. அவ்வாண்டு யூலையில் வந்த புதிய பட்டியலிற் சமையற்காரர் இல்லை. இடைக்கால ஏற்பாடுகள் சில செய்யப்பட்டனவாயினும், காணி விற்றும் கடன்பட்டும் சென்ற பலர் நடுவழியில் நின்றனர். சமையலை உண்மையாகக் கற்றிருந்தவன் எங்கேனும் ஒரு குசினியிற் பிழைத்துக் கொண்டான். விசாவுக்காகச் சேர்ந்தவனிடம் எஞ்சியது ஒரு கடதாசி மட்டுமே.

ஓர் அரசின் சட்டம் ஓர் இரவில் மாறும். கை கற்ற தொழில் மாறாது. இதுவே அக்காலம் தந்த பாடம்.

இன்றைய கணக்கையும் பார்த்துவிடுவோம். மாணவர் விசாக் கட்டணம் 2024 யூலையில் 710 டொலரிலிருந்து 1,600 ஆகவும், 2025 யூலையில் 2,000 ஆகவும் உயர்ந்தது. விசா மறுக்கப்பட்டால் இப்பணம் திரும்பி வாராது. ஓராண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டொலர் கையிலுண்டெனக் காட்ட வேண்டுமென 2024 மேயில் விதிக்கப்பட்டது. கல்லூரிக் கட்டணம் இதற்குப் புறம்பானது. “அங்கே வேலை செய்து கட்டலாம்” என்கின்றனர் முகவர்கள். படிப்பு நடைபெறும் காலத்தில் இரு வாரத்துக்கு 48 மணி நேரமே மாணவர் வேலை செய்யலாமென 2023 யூலையிலிருந்து விதி உள்ளது. 2025 யூலையில் நிர்ணயிக்கப்பட்ட மணிக்கு 24.95 டொலர் என்னும் அடிப்படைக் கூலியில், ஆண்டு முழுவதும் ஒரு நாளும் தவறாது உழைப்பினும் கிடைப்பது ஏறக்குறைய 31,000 டொலர். வாழ்க்கைச் செலவுக்கென அந்த அரசே குறித்த தொகையைக் கழித்தால் எஞ்சுவது எவ்வளவு? விடுமுறைக் காலத்திற் சற்று மேலதிகமாகச் சம்பாதித்தாலும், கல்லூரிக் கட்டணமும் கடன் வட்டியும் அதிலிருந்தேயன்றோ கட்டப்பட வேண்டும்? செம்மண் காணியை மீட்பது எப்போது? தோட்டக் கணக்கை விரல் நுனியில் வைத்திருக்கும் நம் விவசாயிகளுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

படிப்பும் எளிதன்று. அந்நாட்டின் சமையற் சான்றிதழைப் பெற விரும்புபவன், வாடிக்கையாளர் வந்து உண்ணும் உண்மையான குசினியிலோ, அதற்கு ஒப்பாக அமைக்கப்பட்ட பயிற்சிக் குசினியிலோ, 48 உணவு வேளைகள் முழுமையாக நின்று வேலை செய்து காட்ட வேண்டும். இரவு பதினொரு மணிவரை அனலில் நிற்க வேண்டும். சனி, ஞாயிறு, பண்டிகை என்பன பிறர்க்கு விடுமுறை. சமையற்காரனுக்கோ அவையே கடும் வேலை நாட்கள். விருப்பமுள்ளவனுக்கு இவை படிகள்; விருப்பமில்லாதவனுக்குத் தண்டனை.

ஆகவே நாம் கூறுவது யாதெனில், போக வேண்டாம் என்பதன்று. முதலில் இங்கே அடுப்படியில் நின்று பார்த்துவிட்டுப் போங்கள் என்பதே. இந்நாட்டில் 1960களின் நடுப்பகுதியிலேயே அரசு ஹோட்டற் பாடசாலையைத் தொடங்கிற்று. இன்று அதன் வழிவந்த சுற்றுலா, ஹோட்டல் முகாமைத்துவ நிறுவனம் உண்டு. தேசியத் தொழிற்றகைமைச் சான்றிதழும் உண்டு. ஓராண்டு ஊரிற் பயின்று, ஒரு ஹோட்டலில் ஆறு மாதம் உழைத்தவன் தன் மனத்தைத் தானே அறிவான். அதன் பின்னும் போக விரும்பினால், அவன் கையில் தொழில் இருக்கும். விசா அதிகாரியின் கேள்விக்கு உண்மையான விடையும் இருக்கும்.

அரசுக்கும் கடமை உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் இத்தொழிலைத் தமிழிற் கற்பிக்கும் வசதிகள் பெருக வேண்டும். மாணவரை அனுப்பும் முகவர்கள் பதிவு செய்யப்பட்டு, பொய்யுரைத்துப் பணம் பெறுவோர் தண்டிக்கப்பட வேண்டும். நம் வைத்தியர்களும் ஆசிரியர்களும் சட்டத்தரணிகளும் தம் பிள்ளைகள் மட்டுமல்ல, அயலார் பிள்ளைகளும் இந்தக் கணக்கை அறியும்படி எடுத்துக் கூற வேண்டும். உறுதி முடிக்கும் நொத்தாரிசுமார், கையொப்பம் வாங்குமுன் ஒரு வார்த்தை கேட்டாற் குறைந்துபோவது ஒன்றுமில்லை.

வந்த தோட்டக்காரருக்கு நாம் கூறிய விடை இதுதான்: “உறுதியைப் பெட்டியிற் பூட்டுங்கள். நாளை முதல் ஆறு மாதம் மகனை நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு அனுப்புங்கள். வெங்காயம் உரிக்கட்டும், சட்டி கழுவட்டும், சொதி வைக்கட்டும். ஆறு மாதத்தின் பின்னும் அவன் கண்ணில் ஆசை இருந்தால், அப்போது வாருங்கள். போகும் வழியைச் சேர்ந்து ஆராய்வோம்.”

அவர் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். “வெங்காயம் உரிக்கக் கடைக்கு அனுப்புவானேன், ஐயா? அது எங்கள் தோட்டத்திலேயே விளைகிறது. இன்று இரவே அவனைக் குசினிக்கு அனுப்புகிறேன்” என்றார். உறுதியை மடித்து மடியிற் செருகிக் கொண்டு போனார். நான்கு பரப்புக் காணி அன்றைக்குத் தப்பிற்று.