பந்தல் செய்த குற்றம் என்ன?

சுங்குவார்சத்திரம் சாம்சங் தொழிலாளிகள் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்த காலத்தில், போலீசார் ஊர்வலத்தாரைப் பிடித்ததும், அக்டோபரில் பந்தலைப் பிரித்ததும் சரியே, இல்லாவிட்டால் கம்பெனிகள் ஓடிவிடும் என்று சிங்கப்பெருமாள் கோவில், ஒரகடம் பக்கத்துத் தோழர்கள் சிலர் இன்னமும் வாதிக்கின்றார்கள்.

நாம் கேட்கின்றோம்: அத்தொழிலாளிகள் கேட்டதென்ன? கூலி உயர்வும், முக்கியமாய்ச் சங்கத்திற்கு அங்கீகாரமுமே. சங்கப் பதிவுக்கு 1926-லேயே வெள்ளைக்காரன் சட்டம் செய்துவிட்டான். அப்படியிருந்தும், சங்கத்தின் பெயரில் தன் பெயர் வரலாகாதென்று கம்பெனி ஆட்சேபித்தது. கம்பெனிச் சட்டை போட்டு உழைக்கலாமாம். கம்பெனிப் பெயரைச் சொல்லிச் சங்கம் சேரலாகாதாம்! பதிவு கிடைத்ததோ ஐகோர்ட்டு வரை போய், 2025 ஜனவரியில்.

அதுவரை சட்டத்தைக் காக்கவைத்தவர்களைத் தேடி ஒரு போலீஸ் வண்டியாவது போயிற்றா? பந்தலில் உட்கார்ந்திருந்தவன் மாத்திரந்தானா அமைதிக்கு விரோதி? சமூகநீதி பேசிக்கொண்டு ஆண்ட சர்க்காரின் போலீசாரே இதைச் செய்தார்கள் என்பதையாவது அத்தோழர்கள் யோசிக்க வேண்டாமா?