ஒரு பகலும் ஒரு வலையும்

புத்தளக் கரையோரத்தில் ஒரே நாளில் குறும்படம் எடுத்து முடிக்கப் புறப்படும் மாணவரின் படப்பிடிப்பு அட்டவணைகளில், காட்சி எண்களும் நடிகர் பெயர்களும் வெகு கிரமமாக நிரம்பியிருக்க, சூரியனுக்கும் காற்றுக்கும் அவ்வூரில் தொழில் செய்வோரின் நேரத்துக்கும் ஒரு பத்திகூட ஒதுக்கப்படாதிருப்பதை அடிக்கடி காண்கிறோம். 1977இல் தமிழில் 'பொன்மணி'யை இயக்கிய தர்மசேன பத்திராஜா, இதே கரையோரத்துக் கற்பிட்டி மீனவர் வாழ்வைப் பின்புலமாகக் கொண்டு 1978இல் 'பம்பரு ஆவித்' என்னும் சிங்களப் படத்தைத் தந்தார். அத்தகைய முழுநீளப் படம் எடுப்பவருக்கு இன்று தவறிய வெளிச்சம் நாளை கிடைக்கலாம். மாணவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை.

உடப்பை உதாரணமாகக் கொள்வோம். மேற்கே கடலும் கிழக்கே முந்தல் களப்புமாக, இடையே ஒடுங்கிய மணல்நிலத்தில் அமைந்த ஊர் அது. அங்கே கரைவலை இழுப்பதைப் படமாக்க விரும்புவோர் முதலில் உணரவேண்டியது, அக்காட்சிக்கு மறுபடி எடுத்தல் என்பது கிடையாது என்பதே. வலை கரைசேர மணிக்கணக்காகும்; மீன் சேரும் மடி மணலில் ஏறுவதோ சில நிமிஷங்களில் முடிந்துவிடும். கமராவுக்காக வெறும் வலையை இன்னொருமுறை இழுக்கச் சொல்வது மரியாதையன்று என்பது ஒருபுறமிருக்க, கனமில்லாத கயிற்றை இழுக்கும் உடல் திரையில் பொய் சொல்லிவிடும். ஆகவே முந்தின நாளே வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியாரைக் கண்டு, வலை வளைக்கும் வேளையைக் கேட்டறிந்து, அதனை அட்டவணையின் நடுத்தூணாக நாட்டிய பின்னரே மற்றக் காட்சிகளுக்கு இடம் நிர்ணயிக்கவேண்டும்.

இழுப்போர் கடலைப் பார்த்தபடி பின்வாங்கி இழுப்பதனால், அவர்களுடைய முகங்களை விரும்பும் கமரா கடலுக்கு முதுகு காட்டி நிற்கவேண்டும். காலையில் அப்படி நின்றால் சூரியன் எதிரே இருக்கும், முகங்கள் இருண்டுபோகும். வெள்ளை ரெஜிபோம் பலகை இரண்டு இருந்தால் ஓரளவு சமாளிக்கலாம். உரையாடலை அலையோசையின் நடுவே பதிவுசெய்ய முயல்வது வீண் பிரயாசை. அதற்குக் களப்புக்கரையே உசிதம். இழுப்போர் பாடும் அம்பாவைத் தனியே ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் காற்றில் கடலும் கொந்தளிக்கும், ஒலிவாங்கியும் இரையும். மழைமாதங்களையும் விலக்கினால், ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள காலமே மாணவருக்கு வாய்ப்பானது.

உச்சிவேளையில் கண்குழிகளில் நிழல் தேங்குவதனால், கிடுகு வேய்ந்த வாடிக்குள் நிகழும் காட்சிகளை அப்போது வைத்துக்கொள்வது நன்று. சோற்றுப் பார்சலும் அதற்கு முன்னரே வந்துவிடவேண்டும். மாணவர் குழுக்களின் சச்சரவுகளிற் பாதி அது பிந்துவதால் விளைபவையே!

மாலை வெளிச்சத்தை நம்பி ஏழெட்டு ஷொட்டுகளை எழுதிவைப்பது பெரும் மயக்கம். பூமத்திய ரேகைக்கு அண்மையான இப்பகுதியில் சூரியன் மணிக்கு ஏறக்குறைய 15 பாகை வீதம், அநேகமாக நேர்க்குத்தாக இறங்குகிறது. சாய்ந்த பொன்னொளி ஒரு மணிநேரம் நீடித்தாலே அதிகம். அந்தியொளியோ அதன்பின் 20 நிமிஷமளவே. மூன்று ஷொட்டுகள் போதும். அவற்றுக்கான அசைவுகளையும் மத்தியான ஓய்வின்போதே ஒத்திகை பார்த்துவிடவேண்டும். எது தவறினாலும் கதை குலையாது என்று தோன்றுகிறதோ, அந்தக் காட்சியை இந்த வேளைக்கு வையுங்கள்; கதையின் உயிரான காட்சியை இங்கே வைக்காதீர்கள். அஸ்தமனத்துக்குப் பிறகு எதையும் எழுதவேண்டாம். பதிவுகளைப் பிரதியெடுக்கவும், மணலிற் புதைந்த கருவிகளை எண்ணிப் பெட்டியிலிடவும், சம்மாட்டியாரிடம் விடைபெறவும் அந்த நேரம் தேவைப்படும்.