அச்சாரம் கொடுக்குமுன்

பாளையங்கோட்டையில் முதல் வீடு வாங்குகிறவர், பத்திர எழுத்தர் நீட்டும் ஒப்பந்தத்தில் பெயரையும் தொகையையும் மட்டும் பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார். அல்வாக் கடையில்கூட எடையைக் கவனிக்கிற ஊர் இது! 2012 டிசம்பர் 1 முதல் தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். பதிந்தால் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும். அதே வீட்டை இன்னொருவருக்குப் பேசி முடிப்பது சுலபமல்ல. செலவுக்கு அஞ்சி வெறும் முத்திரைத்தாளோடு நிறுத்துவது வீண் சிக்கனம். கிரையத்துக்கு எத்தனை மாதக் கெடு, வங்கிக் கடன் கிடைக்காவிட்டால் அச்சாரம் திரும்புமா, மூலப்பத்திரம் யார் கையில் என்பதெல்லாம் எழுத்தில் வரவேண்டும். ஆற்றோரம் சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் பக்கம் என்றால், 2023 டிசம்பர் வெள்ளத்தில் தண்ணீர் எந்தப் படிவரை ஏறியது என்று பக்கத்து வீட்டு ஆச்சியிடம் விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.